ஆல்பம் கவரை அலசுவது எப்படி? ஒரு ஜெராக்ஸ் கடையில் நான் வழுக்கிய கதையோடு

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் போனால் அந்தக் கறுப்பு டீ-சர்ட்டைப் பார்த்திருப்பீர்கள். நெஞ்சு முழுக்க வெள்ளைக் கோடுகள், நடுவில் மட்டும் மலை மலையாக எழும்பி நிற்கும். அது ஜாய் டிவிஷன் என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் 'அன்னோன் ப்ளெஷர்ஸ்' ஆல்பத்தின் கவர். 1979-இல் வந்தது, வடிவமைத்தவர் பீட்டர் சாவில். பழகுவதற்கு இதையே எடுத்துக்கொள்ளுங்கள், நான் வழுக்கியதும் இதில்தான்.

முதலில் படம். முன்பக்கம், பின்பக்கம், உள் உறை மூன்றும் ஓரம் வெட்டாமல் வேண்டும். போனில் பார்த்து அலசுவது எனக்குப் பிடிக்காது, பிரிண்ட் எடுங்கள். எல்பி என்ற பெரிய இசைத்தட்டின் அட்டை ஒரு பக்கம் 12 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே, ஏ3 தாளின் அகலமோ 29.7 செ.மீ.தான். அதனால் சற்றுச் சுருக்கித்தான் எடுக்க முடியும், பரவாயில்லை.

நான் மாட்டியது இங்கேதான். வியாசர்பாடியில் வீட்டுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் தாள் முழுக்கக் கோடுகள். அதை வைத்துக்கொண்டு "மூச்சு முட்டுகிறது, கோடுகள் விளிம்பை உடைக்கப் பார்க்கின்றன" என்று இரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன். பிறகு நண்பர் வீட்டில் எல்பியைக் கையில் வாங்கினால், கோடுகள் நடுவில் சின்னதாக இருக்கின்றன, சுற்றிலும் சொரசொரப்பான கறுப்பு! கடைக்காரரிடம் கேட்டதற்கு, "சுத்தி வெறும் கறுப்புதானேண்ணா, டோனர் எவ்ளோ போவும், அதான் கட் பண்ணி பெருசாக்கிட்டேன்" என்றார். அவர் வெறும் கறுப்பு என்று வெட்டிய இடம்தான் அந்தக் கவரில் பெரும்பகுதி. மூச்சுமுட்டல் எல்லாம் இல்லை, எங்கோ தூரத்தில் ஒன்று துடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் குப்பைக்குப் போனது.

ஆகவே பிரிண்ட்டுக்கு அனுப்பும் முன் படத்தைச் சுற்றி ஒரு மெல்லிய சிவப்புக் கோடு போட்டுவிடுங்கள். நாலு பக்கமும் கோடு வந்தால் படம் முழுசு.

அப்புறம் டிரேசிங் பேப்பரை மேலே வைத்து, உருவங்களைச் சுற்றிப் பெட்டி போட்டு, ஸ்கேலால் அளந்து பாருங்கள். காலியிடம் எவ்வளவு, எந்தப் பக்கம் அதிகம்? கலர் பிக்கர் ஆப் வேண்டவே வேண்டாம், ஸ்கேன் செய்தவருக்குக் கிடைத்த கறுப்பைத்தான் அது காட்டும். இல்லாததையும் குறியுங்கள். இந்தக் கவரின் முன்பக்கத்தில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை.

இனி ஒரு தாளில் மூன்று பத்தி: கண்டது, விசாரித்துத் தெரிந்தது, எனக்குத் தோன்றியது. 'மலை' என்பது மூன்றாவதில்தான் போகும். இரண்டாவதில் வருவது வேறு: அந்தக் கோடுகள் ஒரு பல்சரின், அதாவது சீரான இடைவெளியில் துடிக்கும் விண்மீனின், ரேடியோத் துடிப்புகள். 1967-இல் வானியலாளர் ஜோசலின் பெல் முதன்முதலாகக் கண்ட சிபி 1919 அது, ஏறத்தாழ 1.34 விநாடிக்கு ஒரு துடிப்பு. வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றில் வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுகளாக இருந்த படத்தை சாவில் நிறம் திருப்பி, கறுப்பில் வெள்ளையாக மாற்றினார். போனில் நிறங்களைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், உடனே பாடப்புத்தக வரைபடம் ஆகிவிடும். அவர் செய்த வேலை எவ்வளவு என்பது அப்போதுதான் உறைக்கும்.

பிற்சேர்க்கை: கேசட் கவருக்கு இது சரிவருமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வரும், ஆனால் மடிப்பைப் பிரித்து முழு அட்டையையும் தட்டையாக வைத்து அளக்க வேண்டும், முதுகில் இருக்கும் எழுத்தை விடக் கூடாது. என்னிடம் இருக்கும் பழைய கானா கேசட்டில் காலியிடம் என்று தேடினால் நகம் அளவுகூட இல்லை, எல்லாம் முகங்கள். அதில் காலியிடத்தை விட்டுவிட்டு முகங்களை அளந்தேன். பாடியவர் முகத்தைவிட கேசட்டை வெளியிட்டவர் முகம் அரை சென்டிமீட்டர் பெரிது.