ஐடி வேலையில் 22 வயதும் 45 வயதும் செய்கிற தவறுகள்

2025 ஜூலை கடைசியில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, அதாவது சுமார் 12,000 பேரை, வெளியே அனுப்பப் போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள்தான் என்றும் சொன்னது. அதே ஆண்டு பிப்ரவரியில் இன்ஃபோசிஸின் மைசூர் வளாகத்தில் 300க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள், மூன்று முறை எழுதியும் தேர்வில் தேறவில்லை என்று அனுப்பப்பட்டார்கள். ஐந்து மாத இடைவெளியில் இரண்டு பக்கமும் அடி. ஆனால் சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆரில் யாரிடம் பேசினாலும் பழி எதிர்ப்பக்கம்தான் போகிறது. "சீப்பா பசங்களை எடுத்துட்டு எங்களைக் கழட்டி விடறாங்க" என்பார் மூத்தவர். "சீனியருங்க நாற்காலியை விட்டு நகர்ந்தாத்தானே எங்களுக்கு வேலை" என்பார் இளையவர்.

முதல் தவறே இதுதான். கணக்கைத் தப்பாகப் போட்டால் அடுத்து எடுக்கிற முடிவு எல்லாம் தப்பாகத்தான் போகும்.

ஐடி சர்வீஸ் கம்பெனிகள் வளர்ந்தது ஒரு கூம்பு அமைப்பில். அடியில் ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்துக்கு ஏராளமான ஃப்ரெஷர்கள் (இந்தத் தொகை பத்துப் பன்னிரண்டு வருடமாக ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது என்பது தனிக் கொடுமை), நடுவில் லீடும் மேனேஜரும், உச்சியில் கொஞ்சம் பேர். வாடிக்கையாளரிடம் ஆள் கணக்கில் பில் போடுவார்கள், அடியில் இருப்பவரின் சம்பளத்துக்கும் அவர் பேரில் போகிற பில்லுக்கும் உள்ள வித்தியாசம்தான் லாபம். இப்போது டெஸ்ட் கேஸ் எழுதுவது, சப்போர்ட் டிக்கெட்டைப் பிரித்து அனுப்புவது, சின்னச் சின்ன கோடு எழுதுவது என்று அடித்தட்டு செய்த வேலையில் ஒரு பங்கை ஏஐ கருவிகள் செய்கின்றன. அடி சுருங்கினால் அடியை மேய்ப்பதற்கென்றே வைத்திருந்த நடுவும் சுருங்கும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வில், ஏஐ அதிகம் நுழைந்த வேலைகளில் 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு மற்றவர்களோடு ஒப்பிட்டால் 13 சதவீதம் குறைந்திருந்தது, அதே வேலையில் இருந்த மூத்தவர்களுக்கு அப்படிப் பாதிப்பு இல்லை. நம் ஊரில் மூத்தவரும் சேர்ந்து அடிபடுவதற்கு என் பார்வையில் காரணம், இங்கே நிறைய பேரின் அனுபவம் வேலையைச் செய்ததில் சேரவில்லை, ஆள் மேய்த்ததில் சேர்ந்தது.

மூத்தவர்கள் பக்கம்

"பதினெட்டு வருஷம் இந்தக் கம்பெனிக்கு உழைச்சிருக்கேன்" என்பதை ஒரு பாதுகாப்பாக நினைப்பது பெரிய தவறு. கம்பெனி பார்ப்பது உங்கள் பேரில் பில் போகிறதா என்பதை. டிசிஎஸ் 2025 ஜூனில் கொண்டுவந்த விதியைப் பாருங்கள்: ஆண்டில் 225 நாள் பில்லிங்கில் இருக்க வேண்டும், பெஞ்சில், அதாவது ப்ராஜெக்ட் இல்லாமல், 35 நாளுக்கு மேல் உட்காரக் கூடாது. மற்ற கம்பெனிகள் இப்படி எண் போட்டுச் சொல்லாமல் இருக்கலாம், கணக்கு ஒன்றுதான். உங்கள் ப்ராஜெக்டில் நீங்கள் பில்லபிளா, இல்லை மேல்செலவில் ஓட்டப்படுகிறீர்களா என்பது உங்களுக்கே தெரியாவிட்டால் இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டேட்டஸ் கால் நடத்துவதும் எக்செல் அனுப்புவதும் மட்டும்தான் உங்கள் நாள் என்றால், அதே ப்ராஜெக்டுக்குள் கை வைத்துச் செய்கிற ஒரு வேலையை, வடிவமைப்போ டேட்டாவோ செக்யூரிட்டியோ எதுவாவது, இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். பெஞ்சுக்கு வந்தபின் தேடினால் நேரம் போதாது.

அடுத்தது, பணத்திலேயே கை வைக்கும் தவறு. ஹெச்ஆர் ஒரு மீட்டிங்குக்குக் கூப்பிட்டு, "நீங்களே பேப்பர் போட்டுட்டா ரெக்கார்ட் க்ளீனா இருக்கும், இல்லேன்னா டெர்மினேஷன்தான்" என்று சொன்னதும் அந்த அறையிலேயே ராஜினாமாவை டைப் செய்து அனுப்பி விடுவது. அனுப்பாதீர்கள். குறைந்தது ஒரு நாள் அவகாசம் கேளுங்கள், அதையும் மின்னஞ்சலில் கேளுங்கள், உங்களிடம் சொன்னதையெல்லாம் எழுத்தில் தரச் சொல்லுங்கள். காரணம் எளிது. ஆட்குறைப்பு என்றால் சட்டப்படி ஒரு மாத நோட்டீசும், முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும் இழப்பீடாக உண்டு. 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களிலும் தொடர்கிறது. நீங்களாகவே ராஜினாமா செய்தால் அது ஆட்குறைப்பு ஆகாது, அந்த இழப்பீடும் கிடையாது. இந்தப் பாதுகாப்பு மேனேஜர் வேலை பார்ப்பவருக்குப் பொருந்தாது என்பது உண்மை. ஆனால் கார்டில் மேனேஜர் என்று போட்டிருப்பதால் மட்டும் ஒருவர் மேனேஜர் ஆகிவிட மாட்டார், நிஜமாக என்ன வேலை செய்தார் என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். அதனால் கையெழுத்துக்கு முன்னால் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரைப் பாருங்கள், அதற்கு ஆகிற ஃபீஸ் வீண் போகாது.

கிராஜுவிட்டி (பணிக்கொடை) விஷயம் வேறு. ராஜினாமா செய்தாலும் ஐந்தாண்டு முடித்தவருக்கு அது உண்டு. கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தை (அது மொத்தச் சம்பளத்தில் பாதிக்குக் கீழே இருந்தால், புதிய சட்டப்படி அந்தப் பாதியை) 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அந்தத் தொகை 60,000, சேவை 14 ஆண்டு என்றால் ஏறக்குறைய 4,84,600 ரூபாய். அதை ஏதோ கம்பெனி பெருந்தன்மையாகத் தருகிற பேக்கேஜ் மாதிரி காகிதத்தில் சேர்த்துக் காட்டினால் ஏமாறாதீர்கள், அது எப்படியும் உங்களுக்கு வரவேண்டியது. புதிய சட்டப்படி சம்பள பாக்கியை வேலையை விட்ட இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள், "ரெண்டு மாசம் ஆகும் சார்" என்ற பழைய பாட்டு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அப்புறம் அந்தப் பணம் கைக்கு வந்ததும் நடக்கிற கூத்து. மாதச் சம்பளம் நின்ற பயத்தில், மொத்தத்தையும் கொண்டுபோய் டீக்கடை ஃபிரான்சைஸிலோ, செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் மனையிலோ போடுவது. (செட்டில்மென்ட் வாங்கியவர் ஃபோனுக்கு மட்டும் இந்த விளம்பரங்கள் எப்படித்தான் கரெக்டாக வருகின்றனவோ.) ஒரு வருட வீட்டுச் செலவும் வீட்டுக் கடன் தவணையும் ஒதுக்கி வைக்காமல் எந்தத் தொழிலிலும் இறங்காதீர்கள்.

ரெஸ்யூமே பற்றிச் சுருக்கமாக. 2004இல் செய்த ப்ராஜெக்ட் வரை ஆறு பக்கம் எழுதினால் யாரும் படிப்பதில்லை. கடைசிப் பத்து வருடம் போதும், இரண்டு பக்கம் போதும். தனியார் நிறுவனம் வயதைக் காட்டி ஒதுக்குவதைத் தடுக்க இந்தியாவில் பொதுவான சட்டம் எதுவும் இல்லை, அமெரிக்காவில் 40 தாண்டியவர்களுக்கு 1967இலிருந்தே இருக்கிறது. ஆகவே போர்ட்டலில் அப்ளை செய்துவிட்டுக் காத்திருப்பதைவிட, கூட வேலை பார்த்தவர்களின் ரெஃபரல் வழியாகப் போவது மேல். பழைய சிடிசியிலேயே (ஆண்டுக்கான மொத்தச் சம்பளக் கணக்கு) பிடிவாதமாக நிற்காதீர்கள். 38 லட்சத்திலிருந்து 28க்கு வருவது கசப்புதான், ஆனால் எட்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டு 22க்குப் பேசுவது அதைவிடக் கசப்பு.

இளையவர்கள் பக்கம்

கேம்பஸில் ஆஃபர் லெட்டர் வந்ததும் தேடுவதை நிறுத்திவிடுவது பழைய தவறு, இப்போது விலை கூடிவிட்டது. 2022 வாக்கில் தேர்வானவர்களில் பலர் ஜாயினிங் தேதி வராமல் மாதக்கணக்கில், சிலர் ஒன்றிரண்டு வருடம்கூடக் காத்திருந்தார்கள். சேர்ந்து முதல் சம்பளம் வருகிற வரை தேடிக்கொண்டே இருங்கள், அதில் துரோகம் ஒன்றும் இல்லை. காலியாக இருக்கிற காலத்தில் தரமணியில் உள்ள தொழில் பழகுநர் பயிற்சி வாரியத்தின் வழியாக அப்ரண்டிஸாகச் சேரலாம். உதவித்தொகை குறைவு, சான்றிதழ் நிஜமானது.

நிஜமானது என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. "ஒன்றரை லட்சம் கொடுத்தா மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றோம்" என்கிற கன்சல்டன்சிகள் சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பே ஸ்லிப், ரிலீவிங் லெட்டர் எல்லாம் அச்சு அசலாக வரும். மாட்டுவது எங்கே என்றால், பின்னணிச் சரிபார்ப்பில் பிஎஃப் சேவை வரலாற்றைப் பார்ப்பார்கள், வங்கிக் கணக்கில் சம்பளம் விழுந்ததா என்று பார்ப்பார்கள், வருமான வரிப் படிவத்தைக் கேட்பார்கள். மூன்று வருடம் வேலை பார்த்தவருக்கு பிஎஃப்பில் ஒரு மாதம்கூடப் பணம் கட்டப்படவில்லை என்றால் கேள்வி வரத்தான் செய்யும். சேர்ந்து ஒரு வருடம் கழித்துப் பிடிபட்டாலும் வேலை போகும், போலி ஆவணம் கொடுத்ததற்கு வழக்கும் வரலாம், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் வழி இருக்காது. ஃப்ரெஷர் என்றே சொல்லிக்கொண்டு, நீங்களே எழுதி ஓடவைத்த ஒன்றைக் காட்டுங்கள்.

பாண்ட், அதாவது இத்தனை வருடத்துக்குள் வேலையை விட்டால் பணம் கட்டுகிறேன் என்று எழுதித் தருவது, பற்றி சீனியர் அண்ணன்கள் சொல்கிற ஆறுதல் ஒன்று உண்டு: "கோர்ட்டுல நிக்காது தம்பி, சைன் பண்ணு." 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்றாண்டுக்குள் வேலையை விட்டால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. அது பொதுத்துறை வங்கி வழக்கு, எல்லா பாண்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் தொகை எவ்வளவு, எத்தனை வருடம், பயிற்சி நிஜமாகவே தருகிறார்களா என்று படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அசல் சான்றிதழைக் கேட்டால் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்குங்கள், அவர்களிடம் விட்டுவிட்டு வராதீர்கள்.

இன்னொன்று, ஆன்லைன் இன்டர்வியூவில் ஏஐ சொல்வதைப் பார்த்துப் படிப்பது. கண் போகிற திசையை வைத்தே எதிரில் இருப்பவர் கண்டுபிடித்துவிடுவார், அதற்காகவே இப்போது பல இடங்களில் கடைசி ரவுண்டை நேரில் வைக்கிறார்கள். அந்தக் கருவியைத் தெரிந்து வைத்திருப்பது வேண்டியதுதான். அது எழுதித் தந்த கோடில் எங்கே தப்பு என்று சொல்லத் தெரிந்தால்தான் அதற்கு மதிப்பு.

இரண்டு வயதுக்கும் பொதுவாக

வேலை மாறும்போதெல்லாம் பிஎஃப்பை எடுத்துச் செலவழிப்பது. பென்ஷன் திட்டத்தில் இருப்பவர் பத்தாண்டு சேவை காட்டினால்தான் 58 வயதில் பென்ஷன். நடுவில் ஃபார்ம் 10சி என்கிற விண்ணப்பம் போட்டு பென்ஷன் பங்கை எடுத்துவிட்டால் அதுவரை சேர்ந்த ஆண்டுகள் கணக்கில் இருந்து போய்விடும். எடுக்காமல் புதுக் கம்பெனிக்கு மாற்றுங்கள். வேலை இல்லாத காலத்தில் முழுத் தொகையையும் எடுக்க இரண்டு மாதம் காத்தால் போதும் என்று இருந்ததை 12 மாதமாக ஆக்கவும், 75 சதவீதத்தை உடனே எடுக்க விடவும் 2025 அக்டோபரில் பிஎஃப் அறங்காவலர் குழு முடிவெடுத்தது. ஆகவே வேலை போனதும் முழு பிஎஃப்பும் கைக்கு வரும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கம்பெனி இன்சூரன்ஸை மட்டும் நம்புவதும் அப்படித்தான். பெரும்பாலும் வேலை போகிற அன்றைக்கே அதுவும் போகும், அப்பா அம்மாவுக்கான கவரும் சேர்த்து. தனி பாலிசி எடுத்தால் ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூன்றாண்டு வரை காத்திருப்பு வைக்கலாம், அதனால் வேலையில் இருக்கும்போதே எடுப்பதுதான் புத்தி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது. வேலை போகப் போகிறது, தனி பாலிசி இல்லை என்றால், கடைசி நாளுக்கு முன்னாலேயே அதே இன்சூரன்ஸ் கம்பெனியிடம் குரூப் பாலிசியைத் தனி பாலிசியாக மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

கிளம்பும் முன் ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று பே ஸ்லிப் இரண்டையும் சொந்த மின்னஞ்சலுக்கு வாங்கிவிடுங்கள். சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று நிதியாண்டு முடிந்த பிறகுதான் வரும், அதையும் அந்த மின்னஞ்சலுக்கே அனுப்பச் சொல்லுங்கள். பிஎஃப் கணக்கில் வேலையை விட்ட தேதியை கம்பெனி பதிவு செய்ததா என்று இரண்டு மாதம் கழித்துப் பாருங்கள். செய்யவில்லை என்றால் உங்கள் பிஎஃப் எண்ணை (யூஏஎன்) வைத்து உள்ளே போகிற பிஎஃப் போர்ட்டலில் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.