கருத்தடை மாத்திரை எடுக்கும்போது காபி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிசிஓடி என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்காகவோ கருத்தடைக்காகவோ மாத்திரை ஆரம்பித்த கொஞ்ச நாளில் தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றால், பலர் உடனே செய்வது மாத்திரையை நிறுத்துவது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பதுகூட இல்லை. சாயங்காலக் காபியை யாரும் சந்தேகப்படுவதில்லை, காரணம் அது வருஷக்கணக்காகக் குடிக்கிற அதே காபி. காபி மாறவில்லை, சரி. அதை உடல் வெளியேற்றுகிற வேகம் மாறிவிட்டது.

காபியில் இருக்கும் கஃபீனைப் பெரும்பாலும் உடைப்பது கல்லீரலில் உள்ள சிஒய்பி1ஏ2 என்ற நொதி. இரண்டு வகை ஹார்மோன் சேர்ந்த கூட்டு ஹார்மோன் மாத்திரைகளில் இருக்கும் எத்தினைல் எஸ்ட்ரடையால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் அந்த நொதியை மந்தமாக்குகிறது. ரத்தத்தில் கஃபீன் பாதியாகக் குறைய சாதாரணமாகச் சுமார் 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் இது மாறும். இந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் ஆகிறது என்பது 1980களிலேயே தெரிந்த விஷயம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மாலை 5 மணிக்கு 100 மி.கி. கஃபீன் உள்ளே போனால், மாத்திரை எடுக்காத காலத்தில் ராத்திரி 10 மணிக்கு 50 மி.கி. மிஞ்சியிருக்கும், இப்போது அதே நேரத்தில் 70 மி.கி. மிஞ்சும். விடியற்காலை 3 மணிக்கும் 50 மி.கி. ஓடிக்கொண்டிருந்தால் தூக்கம் எங்கே வரும்?

அடுத்த தவறு, சரியாகத் தூங்காத அசதிக்கு மறுநாள் இன்னொரு காபி. நேற்றையது முழுதாக வெளியேறாமல் இருக்கும்போதே இன்றையது சேர்கிறது, அப்புறம் அந்தச் சுழலிலிருந்து வெளியே வருவது கஷ்டம். மதியத்துக்கு மேல் காபி, டீயை இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள், ஆனால் நிறையக் குடிப்பவர்கள் ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி வரும் என்பதால் படிப்படியாகக் குறைப்பதே நல்லது. எண்ணும்போது காபியை மட்டும் எண்ணாதீர்கள். டீ, கோலா, எனர்ஜி டிரிங்க், ஏன், சாரிடான் மாதிரி சில தலைவலி மாத்திரைகளில்கூட 50 மி.கி. கஃபீன் இருக்கிறது.

எல்லாக் கருத்தடை முறையும் இப்படித்தான் என்று நினைப்பதும் தவறு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாலா-என் மாத்திரையில் எத்தினைல் எஸ்ட்ரடையால் இருக்கிறது, பிசிஓடிக்கு எழுதித் தரும் பல மாத்திரைகளிலும் இருக்கிறது. காப்பர்-டியில் ஹார்மோனே கிடையாது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டும், பிறகு வாரம் ஒன்றும் போடும் சாயா என்ற கருத்தடை மாத்திரையும் ஹார்மோன் மாத்திரை இல்லை. அட்டையின் பின்பக்கம் படித்தால் தெரிந்துவிடும், ஆனால் படிப்பவர்கள்தான் குறைவு.

இதற்கு நேர் எதிரான பயமும் உண்டு: காபி குடித்தால் மாத்திரை வேலை செய்யாது, இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் விட வேண்டும் என்பார்கள். தேவையில்லை. காபி கருத்தடையின் பலனைக் குறைப்பதில்லை. இடைவெளி முக்கியமாவது இரும்புச்சத்து மாத்திரைக்கு, ஏனென்றால் காபியும் டீயும் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும்.

பிசிஓடிக்குத்தானே, கருத்தடைக்கு இல்லையே என்று வேறு டாக்டரிடம் இந்த மாத்திரையைச் சொல்லாமல் விடுபவர்கள் அதிகம், கல்யாணமாகாத பெண் என்றால் வீட்டிலேயே சொல்ல விடமாட்டார்கள். சொல்லித்தான் ஆக வேண்டும். ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், தசை இறுக்கத்துக்குத் தரும் டிசானிடின் இரண்டையும் உடைப்பது இதே நொதிதான், அவை ரத்தத்தில் தேங்கினால் காபியைப் போலத் தூக்கத்தை மட்டும் கெடுத்துவிட்டுப் போகாது.

கடைசியாக, எல்லாப் பழியையும் காபி மேல் போடாதீர்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, பார்வை மங்குவதோடு கடுமையான தலைவலி, இவை ரத்தக் கட்டியின் அறிகுறியாக இருக்கலாம். கூட்டு ஹார்மோன் மாத்திரைக்கு அந்த ஆபத்து அரிதாக இருந்தாலும் உண்மையிலேயே உண்டு, அப்போது காபியைக் குறைத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள், மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு.