இணையவழிப் பன்னாட்டுக் கூட்டுக் கற்றல்: எங்கே சறுக்குகிறோம்?

இரண்டு நாட்டு மாணவர்களை ஒரே ஜூம் அழைப்பில் உட்கார வைத்துவிட்டால் போதும், ஒருவரையொருவர் புரிந்துகொள்வார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஆசிரியர்கள் பலரும் தொடங்குகிறார்கள். முதல் தவறே அதுதான். வெறும் சந்திப்பால் முன்முடிவுகள் கரைந்துவிடாது என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே எழுதினார். சம அந்தஸ்து, பொது இலக்கு, கூடிச் செய்யும் வேலை, நிறுவனத்தின் ஆதரவு ஆகிய நான்கும் வேண்டும் என்றார். இரண்டு நாட்டு வகுப்புகள் இணையம் வழியாகச் சேர்ந்து ஒரே வேலையைச் செய்யும், ‘காயில்’ (COIL) என்று சுருக்கமாக அழைக்கப்படும் கூட்டுக் கற்றலைத் திட்டமிடும்போது இந்த நான்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது வேலையைப் பாகம் பிரிப்பதைப் பற்றித்தான். “நீங்கள் அறிமுகம் எழுதுங்கள், நாங்கள் முடிவுரை எழுதுகிறோம்” என்று முதல் வாரமே பேசி முடித்துவிடுவார்கள். கடைசி இரவில் இரண்டையும் ஒரே கூகுள் டாக்ஸில் ஒட்டுவார்கள். மூன்றாம் பக்கத்தில் எழுத்துருகூட மாறியிருக்கும். அறிக்கை வந்துவிடும், ஆனால் யாரும் யாரிடமும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மற்றவர் இல்லாமல் செய்யவே முடியாத வேலையைக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1997-ல் தொடங்கிய ‘குல்ச்சுரா’ திட்டம் இதற்கு நல்ல முன்மாதிரி. அமெரிக்க மாணவர்களும் பிரெஞ்சு மாணவர்களும் ஒரே கேள்வித்தாளுக்கு அவரவர் மொழியில் பதில் எழுதினார்கள். ஒரு சொல்லைக் கேட்டதும் மனதில் என்ன தோன்றுகிறது என்பது போன்ற எளிய கேள்விகள்தான். பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அகராதியில் ஒன்றாகத் தெரிந்த சொற்கள் வேறு வேறாகத் தெரிந்தன. ஏன் என்று எதிர்த்தரப்பைக் கேட்டே ஆக வேண்டிய நிலை. இருவரும் தாய்மொழியில் எழுதியதால் மொழித் தயக்கமும் குறுக்கே வரவில்லை.

அந்தத் தயக்கத்தைக் கவனிக்காமல் விடுவது அடுத்த தவறு. ஆங்கிலம் சரளமாக வருபவர் அழைப்பு முழுவதும் பேசுவார். மற்றவர் மனதுக்குள் வாக்கியம் கோத்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். கேள்விகளை முதல் நாளே அனுப்புங்கள், சாட்டில் எழுதிப் பதில் சொல்ல நேரம் கொடுங்கள், கூட்டத்தை நடத்தும் பொறுப்பைச் சுழற்சியில் விடுங்கள்.

அப்புறம், மௌனம். “இந்தத் தலைப்பு சரிதானே?” என்று ஒரு மாணவி கேட்கிறார். ஐந்து விநாடி யாரும் பேசவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மேலே போகிறார். அடுத்த வாரம் எதிர்த்தரப்பு பாதி வேலையைக்கூடத் தொடவில்லை. “சோம்பேறிகள்” என்கிறார் இவர். “எங்களைக் கேட்கவே இல்லையே” என்கிறார்கள் அவர்கள். உடனே “அந்த நாட்டுக்காரர்களே இப்படித்தான்” என்று முத்திரை குத்துவது எளிது, அதுதான் ஆபத்தும்கூட. அந்த மௌனத்துக்கு இணையம் அறுந்தது, மொழி, கூச்சம், மறுப்பை முகத்துக்கு நேரே சொல்லாத பழக்கம் என எதுவும் காரணமாக இருக்கலாம். தீர்ப்புச் சொல்லும் முன் மூன்று காரணங்களையாவது எழுதச் சொல்லுங்கள். பிறகு எது உண்மை என்று அவர்களிடமே கேட்கச் சொல்லுங்கள்.

உணவு, உடை, திருவிழா என்று ஸ்லைடு போட்டுக் காட்டுவது அறிமுகத்துக்குச் சரி, அதோடு நிறுத்திவிடக் கூடாது. நேரக் கணக்கிலும் கவனம் வேண்டும். அமெரிக்காவின் பெரும்பகுதியில் கடிகாரத்தை மார்ச் இரண்டாம் ஞாயிறும், ஐரோப்பிய ஒன்றியத்தில் கடைசி ஞாயிறும் மாற்றுகிறார்கள். இடைப்பட்ட நாட்களில் வழக்கமான நேர வித்தியாசம் ஒரு மணி நேரம் பிசகும்.

ஒரு பக்கத்துக்கு மதிப்பெண், மறுபக்கத்துக்கு விருப்பப் பயிற்சி என்றால் ஆல்போர்ட் சொன்ன சம அந்தஸ்து அங்கேயே போய்விடும். இரண்டு ஆசிரியர்களும் பாடம் தொடங்கும் முன்பே இதை எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். அதோடு, இறுதி அறிக்கைக்கு மட்டும் மதிப்பெண் போடாதீர்கள். உரசல் வந்த வாரத்திலேயே அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள்: என்ன நடந்தது, நான் என்ன நினைத்தேன், அவர்கள் பக்கமிருந்து அது எப்படித் தெரிந்திருக்கும். பருவம் முடிந்தபின் கேட்டால் “நல்ல அனுபவம்” என்ற இரண்டு சொல்தான் கிடைக்கும்.