லீஸ் காரைத் திருப்பிக் கொடுக்கும் முன்

பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் வேலை, லீஸ் கார் (ஒப்பந்தம் போட்டு வாடகைக்கு எடுத்தது), கொழிஞ்சாம்பாறையில் வீடு. தென்னந்தோப்புச் சந்துகளில் போய்வந்தால் கீறல் விழாமல் இருக்காது. திருப்பிக் கொடுக்கும்போது லீஸ் கம்பெனி அதற்குப் பணம் பிடிக்கலாம். திருப்பிக் கொடுக்க ஒரு மாதம் இருக்கும்போதே காரைக் கழுவித் துடைத்து, காலைச் சாய்வெயிலில் சுற்றிப் பாருங்கள். சின்ன நெளிவுகூடத் தெரியும்.

கீறலின் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டுங்கள். தட்டாமல் வழுக்கினால் பெரும்பாலும் பாலிஷிலேயே போய்விடும். நகம் சிக்கினால் பெயிண்ட் வேலைதான். பெயிண்ட் உடையாத நெளிவை, பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) வைக்காமல் உள்ளிருந்து தள்ளியே எடுத்துவிடலாம்.

அவசரப்பட்டு ரோட்டோரத்தில் பெயிண்ட் அடிக்காதீர்கள். நிறம் ஒட்டாமல் தனியாகத் தெரிந்தால் அதற்கும் பணம் பிடிப்பார்கள். முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள். சாதாரணத் தேய்மானத்துக்கு விலக்கு இருக்கலாம். அப்புறம், வண்டி லீஸ் கம்பெனியுடையது, அவர்களிடம் கேட்காமல் கை வைக்க வேண்டாம். ஒப்படைக்கும் நாளில் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள்.