லிகண்டில் எங்கே கை வைப்பது?

எத்திலீனை ஆலிகோமராக்க, அதாவது சில மூலக்கூறுகளைக் கோத்துக் குறுஞ்சங்கிலியாக்க இறங்குபவர்கள் பலரும், நினைத்த நீளத்தில் சங்கிலி வரவில்லை என்றதும் வினையூக்கியின் உலோகத்தை மாற்றிப் பார்க்கிறார்கள். அவசரப்படாதீர்கள், முதலில் அந்த உலோகத்தோடு பிணைந்து நிற்கும் மூலக்கூறான லிகண்டைப் பாருங்கள்.

இரும்பை எடுத்துக்கொள்வோம். 1998-இல் புரூக்கார்ட் குழுவும் கிப்சன் குழுவும் வெளியிட்ட பிஸ்-இமினோபிரிடின் லிகண்டில், இமின் நைட்ரஜனில் ஒரு அரைல் (பென்சீன் வகை) வளையம் இருக்கும். அதன் இரண்டு ஆர்த்தோ இடங்களிலும் (நைட்ரஜனோடு இணையும் கார்பனுக்கு இருபக்கமும் அடுத்துள்ளவை) ஐசோபுரொப்பைல் இருந்தால் உலோகத்தைச் சுற்றி நெருக்கடி, சங்கிலி ஹைட்ரஜனை விட்டுக்கொடுத்துக் கழன்றுபோக வழியில்லை, அதனால் நீண்டுகொண்டே போய்ப் பாலிஎத்திலீன் ஆகிவிடும். ஒரே ஒரு ஆர்த்தோ மெத்தில் போதும் என்று விட்டால் நேரான ஆல்ஃபா ஓலிஃபின்கள் (நுனியில் இரட்டைப் பிணைப்புள்ள சங்கிலிகள்) கிடைக்கும். இத்தனைக்கும் உலோகம் அதே இரும்புதான்!

அதனால் 2,6-டைஅசெட்டைல்பிரிடினை வைத்துக்கொண்டு அனிலினை மட்டும் மாற்றி மூன்று நான்கு லிகண்டுகள் செய்யுங்கள். வெப்பம், அழுத்தம், எம்ஏஓ (வினையூக்கியைத் தூண்டும் மெத்தில்அலுமினாக்சேன்) அளவு எதையும் தொடாதீர்கள், இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் என்ன ஆனது என்று சொல்லவே முடியாது.

குரோமியத்தின் கதை வேறு. இரண்டு எத்திலீன் உலோகத்தோடு சேர்ந்து ஐந்து அணு வளையமாகும், மூன்றாவது சேர்ந்தால் ஏழு. அங்கேயே உடைந்தால் 1-ஹெக்சீன், நான்காவதும் நுழைந்தால் 1-ஆக்டீன். பிஎன்பி (பாஸ்பரஸ்-நைட்ரஜன்-பாஸ்பரஸ்) லிகண்டில் பாஸ்பரஸ் மேலுள்ள அரைலின் ஆர்த்தோவில் மெத்தாக்ஸி இருந்தால் ஹெக்சீன் பக்கம் சாயும். வெறும் ஃபீனைல் வைத்தால் ஆக்டீன் சுமார் 70 சதவீதம் வரை போகும், 2004-இல் வெளிவந்த இந்த முடிவு எனக்கு இன்றும் வியப்புதான்.

சரி, அளப்பது எப்படி? கலனைத் திறக்கும் முன் நன்றாகக் குளிர வையுங்கள், 1-பியூட்டீன் மைனஸ் 6 டிகிரியிலேயே கொதித்துப் பறந்துவிடும். ஒப்பிட்டு அளக்க, அளவு தெரிந்த நோனேன் போன்ற உள்தரம் சேர்த்து ஜிசி (வாயு நிறப்பகுப்பியல்) எடுங்கள். இரும்பு என்றால் சி14 (14 கார்பன் சங்கிலி) மோல்களைச் சி12 மோல்களால் வகுங்கள், அதுதான் கே மதிப்பு. 0.7 என்றால் ஒவ்வொரு படியிலும் பத்தில் ஏழு சங்கிலிகள் வளர்கின்றன, மூன்று கழல்கின்றன. குரோமியத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே ஹெக்சீன், ஆக்டீன் சதவீதத்தைத் தனித்தனியாகப் பாருங்கள்.

அப்புறம், அடியில் தங்கும் வெள்ளைத் திடப்பொருளை வடிகட்டி, உலர்த்தி எடை போடாமல் விடாதீர்கள். ஜிசியில் அது தெரியவே தெரியாது, ஆனால் பெரிய கலனில் குழாயை அடைப்பது அதுதான்.