கல்லாங்குத்து என்று எழுதிய கரட்டை ஊர் சேர்ந்து காப்பது எப்படி

பென்னாகரம் பக்கம் எங்கள் ஊரை ஒட்டி ஒரு கரடு இருக்கிறது. 15 ஹெக்டேர் 38 ஏர், ஏக்கர் கணக்கில் 38. ஊர் நிலங்களின் வகையையும் பரப்பையும் சொல்லும் வருவாய்த்துறை 'அ' பதிவேட்டில் அதில் ஒரு பாதி கல்லாங்குத்து, மறு பாதி மேய்க்கால், அதாவது மேய்ச்சல் நிலம். கல்லாங்குத்து என்ற சொல்லை மட்டும் படிப்பவருக்கு அது வெறும் பாறை. எங்களுக்கு அப்படியில்லை. மூன்று தெரு ஆடுகளும் மேய்வது அங்கேதான். ஆவணி, புரட்டாசியில் சீத்தாப்பழம் பறிப்பதும் அரப்புக்கு உசிலை இலை உருவுவதும் அங்கேதான். அதன் மேல் விழுகிற மழைதான் ஓடையாக இறங்கி ஏரிக்கு வருகிறது. நான் நில அளவைத் துறையில் 31 வருடம் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவன். ஏழு வருடமாக ஊர்க்காரர்களோடு சேர்ந்து இந்தக் கரட்டைப் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கரடோ குட்டையோ இருந்தால், கன்று வாங்க ஓடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

முதல் வேலை காகிதம். சர்வே எண் தெரிந்தால் 'அ' பதிவேட்டு விவரத்தையும் அந்த நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தையும் அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம். முழுக் கிராம வரைபடத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். நிலம் எந்த வகை என்பதில் கவனம் வேண்டும். மேய்க்கால், ஓடை, ஏரி என்றிருந்தால் அது ஊர்ப் பொதுப் பயன்பாட்டுக்கானது. 'தீர்வை ஏற்பட்ட தரிசு' என்றிருந்தால் பின்னால் அரசு அதை யாருக்காவது ஒப்படை செய்து கொடுத்துவிடலாம், அதனால் அவசரம் அதிகம். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதியில்லாமல் ஒரு கல்லைக்கூட நகர்த்தாதீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் பரவியிருக்கும் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் 2022-ல்தான் அறிவிக்கப்பட்டது. அதன் ஓரத்து ஊர்க்காரர்கள் எல்லையை ஒருமுறைக்கு இருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைக் கல் ஒவ்வொன்றையும் நடந்து தேடுங்கள். செல்போன் காட்டும் எல்லையை நம்ப வேண்டாம், அது சில மீட்டர் தள்ளிக் காட்டும். அந்தச் சில மீட்டரில்தான் சண்டை வரும். கல் காணாமல் போயிருந்தால் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்து, பக்கத்துப் பட்டாதாரர்களையும் கூப்பிட்டு வைத்து அளக்கச் சொல்லுங்கள். யாராவது உள்ளே வந்திருந்தால் அவரோடு வாய்ச்சண்டைக்குப் போகாமல் எழுத்தில் மனு கொடுங்கள். ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஏரிகளுக்குத் தமிழ்நாட்டில் 2007-ம் வருடத்துச் சட்டம் தனியாகவே இருக்கிறது. மனுவில் இவற்றைக் குறிப்பிடுங்கள்.

இரண்டாவது வேலை ஆடு மேய்ப்பவர்களோடு நடப்பது. உண்மையில் இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். நாங்கள் செய்யவில்லை. முதல் வருடம் நன்கொடையாக வந்த 600 கன்றுகளைக் கிழக்குச் சரிவில் நட்டோம், சுற்றிலும் முள் வெட்டி அடைத்தோம். பொங்கலுக்குள் வேலியும் இல்லை, கன்றும் இல்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்தச் சரிவில் நாற்பது வருடமாக ஆடு ஓட்டும் ஓர் அம்மாவிடம் போய்க் கேட்டேன். "ஏம்பா சர்வேயரு, என் ஆடு தண்ணிக்குப் போற தடத்துலயே முள்ள வெட்டிப் போட்டுட்டியே, அது எங்க போவும்?" என்றார். பாறைக்கு நடுவே கோடை வரைக்கும் தண்ணீர் நிற்கும் ஒரு சுனை அங்கே இருக்கிறது. என் புலப்படத்தில் அது இல்லை. கரட்டை அளந்தவன் நான், அறிந்தவர் அவர்.

மறு வாரமே அவரையும் இன்னும் எட்டு ஆட்டுக்காரர்களையும் அழைத்துக்கொண்டு கரடு முழுக்க நடந்தோம். அவர்களே கரட்டை மூன்றாகப் பிரித்தார்கள். எல்லை, பேர் வைத்த பாறைகளும் புளியமரமும்தான். ஒரு பங்கு மூன்று வருடம் அடைப்பு, மற்ற இரண்டிலும் மேய்ச்சல். தடமும் சுனையும் எப்போதும் திறந்தே இருக்கும். அடைப்புக்குள் புல்லை அறுத்துக்கொண்டு போகலாம், ஆடு மட்டும் ஏறக்கூடாது. காவல் அவர்கள் பொறுப்பு. அதற்குப் பிறகு நாங்கள் வேலியே போடவில்லை. உங்கள் ஊரில் கமிட்டி அமைத்தால் அதில் குறைந்தது பாதிப் பேர் ஆட்டுக்காரர்களாக இருக்கட்டும், அவர்களில் பெண்களும் கட்டாயம் இருக்கட்டும்.

பேசி முடித்ததைக் கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் சபை கூடும். எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலை செய்கிறார்கள். ஆடிப்பெருக்குக்கு ஊருக்கு வருவார்கள். அவர்களை வைத்துப் பேசி முடித்து, ஆகஸ்ட் 15-ல் தீர்மானம் போட்டோம். தீர்மானத்தில் சர்வே எண், பரப்பு, எந்தப் பங்கு எத்தனை வருடம் அடைப்பு என்பதெல்லாம் இருக்க வேண்டும். 'இயற்கையைப் பாதுகாக்கத் தீர்மானிக்கப்பட்டது' என்று பொதுவாக எழுதினால் நாளைக்கு அதை வைத்து எதையும் கேட்க முடியாது. நகலைக் கையோடு வாங்கிவிடுங்கள். 2002-ம் வருடத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதைக் கேட்டு, மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் உங்கள் கரட்டின் மரம், மூலிகை, பறவை எல்லாவற்றையும் ஏற்றுங்கள். மதுரை அரிட்டாபட்டி 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது இதே சட்டத்தின் கீழ்தான். கருங்கல்லுக்குப் பேர் போன நம் மாவட்டங்களில், என்றாவது ஒருநாள் குவாரிப் பேச்சு வந்தால் இந்தப் பதிவேடு பேசும்.

பணம் வாங்குவதாக இருந்தால் மட்டும் அமைப்பைப் பதிவு செய்யுங்கள். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகம், சங்கம் என்றால் 1975-ம் வருடச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர். புறம்போக்கு ஒருநாளும் அறக்கட்டளைக்குச் சொந்தமாகாது, பராமரிப்பு மட்டுமே நம்முடையது. ஓடை ஓரத்தில் ஒரு விவசாயி தன் பட்டாவில் 60 சென்ட்டை மரத்துக்கென்று பத்து வருடம் விட்டுக்கொடுத்தார். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்பதால் பத்திரமாகவே பதிவு செய்தோம். வாய் வார்த்தை அவர் காலத்தோடு போய்விடும்.

இனி மண் வேலை. கரட்டின் உச்சியிலிருந்து கீழே வாருங்கள், கீழேயிருந்து மேலே போகாதீர்கள். ஓடை தொடங்கும் இடத்தில், இடுப்பளவு அகலமே இருக்கும்போது, கற்களை அடுக்கித் தடுப்பு வையுங்கள். நடுவில் சற்றுத் தாழ்த்தி அடுக்கினால் தண்ணீர் நடுவாக வழியும், கரையை அறுக்காது. சரிவில் கல் வரப்புக்குச் சம மட்டம் பிடிக்க எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். ஆளுயரக் கம்பு இரண்டை மேலே சேர்த்துக் கட்டி, நடுவில் குறுக்குக் கம்பு வைத்து, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். இரண்டு காலையும் தரையில் ஊன்றி, கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். கால்களை இடம் மாற்றி ஊன்றி மறுபடியும் குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டார்கள்.

கன்றைவிட விதையை நம்புங்கள். சூரை, காரை போன்ற முட்புதர்களை வெட்டிச் சுத்தம் செய்யாதீர்கள். புதரின் அடியில் நிழல் பக்கமாக ஊன்றிய விதையை ஆடு எட்டாது, வெயிலும் சுடாது. உசிலை விதையை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவையுங்கள். வேப்ப விதையைச் சேர்த்து வைக்காதீர்கள், பழுத்து விழுந்த சில நாட்களுக்குள் ஊன்றிவிட வேண்டும், தாமதித்தால் முளைக்காது. ஆச்சா, வெள்வேல் சரிவுக்கு. புங்கனும் நாவலும் ஓடை ஓரத்துக்கு. சீமைக்கருவேலத்தை வேரோடு தோண்டி எடுங்கள், மட்டமாக வெட்டினால் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். மாசி பிறப்பதற்குள் அடைப்பைச் சுற்றி ஆறடி அகலத்துக்குக் காய்ந்த புல்லைச் செதுக்கிவிடுங்கள். கோடைத் தீ ஒருமுறை ஏறினால் மூன்று வருட வேலை ஒரு மத்தியானத்தில் போய்விடும். எங்களுக்கு இரண்டாம் வருடம் மேற்குப் பங்கு அப்படித்தான் போனது.

ஒரு நோட்டு மட்டும் போட்டு வையுங்கள். எந்த மழையில் ஓடை ஓடியது, எந்தத் தேதியில் நின்றது, சுனை எப்போது வற்றியது, இவ்வளவு போதும். எங்கள் நோட்டை இப்போது எழுதுவது அந்த அம்மாவின் பேத்தி. வற்றிய தேதியைப் பாட்டி சொல்ல, அவள் எழுதுகிறாள்.