வயசானப்புறமும் நல்லா நடமாடணும்னா வெயிட்ட எப்படி பாக்கணும்

மூணு மாசத்துக்கு முன்னாடி எங்க அம்மா வெயிட் மெஷின்ல ஏறிட்டு "பாத்தியா, ஒண்ணுமே பண்ணாம ஒரு வருஷத்துல மூணரை கிலோ கொறஞ்சிருக்கு"ன்னு ஒரே சந்தோஷம். எனக்கு பக்குன்னு ஆச்சு, ஏன்னா அதே அம்மா சோஃபால இருந்து எந்திரிக்கணும்னா ரெண்டு கையையும் முட்டியில ஊனி, ஒரு தடவ முன்னாடி பின்னாடி ஆடிட்டுதான் எந்திரிக்கிறாங்க. கொறஞ்சது கொழுப்பா சதையான்னு மெஷின் சொல்லாதுல்ல.

அதனால முதல்ல மெஷின ஓரமா வச்சிட்டு ஒரு பேப்பர் எடுங்க. 25 வயசுல எவ்ளோ வெயிட், 40-ல எவ்ளோ, பீரியட்ஸ் நின்ன சமயத்துல எவ்ளோ, இப்ப எவ்ளோன்னு எழுதுங்க. ஞாபகம் இல்லன்னா பழைய போட்டோ, பழைய மெடிக்கல் ஃபைல் பாத்தா ஓரளவு தெரியும். இது எதுக்குன்னா, 70 வயசுல ஒரே வெயிட்ல ரெண்டு பேர் இருந்தாலும், முப்பதுல இருந்தே குண்டா இருந்தவங்க முட்டி நாப்பது வருஷமா அந்த பாரத்த சுமந்திருக்கு, அறுபதுக்கு மேல வெயிட் போட்டவங்க முட்டி அப்படி இல்ல. முட்டி தேய்மானம் இருக்கறவங்கள வச்சு அளந்து பாத்ததுல, உடம்புல 1 கிலோ கொறஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல விழுற பாரம் சுமார் 4 கிலோ கொறைஞ்சிருக்கு. ஒரு நாளைக்கு எத்தன அடி வைக்கிறோம்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

இன்னொரு பக்கம் சதை. 30 வயசுக்கு மேல பத்து வருஷத்துக்கு 3-ல இருந்து 8 சதவீதம் வரைக்கும் போகும், 60 தாண்டினா இன்னும் வேகமா போகும். பீரியட்ஸ் நின்னப்புறம் கொழுப்பு வேற வயித்துல போய் சேரும், அதனால "நான் இருவது வருஷமா ஒரே வெயிட்"னு சொல்றவங்களுக்கும் உள்ளுக்குள்ள சரக்கு மாறியிருக்கும், இடுப்ப டேப் வச்சு அளந்தா தெரிஞ்சிடும்.

அடுத்தது நாற்காலி டெஸ்ட், இதுதான் எனக்கு ரொம்ப புடிச்சது. கைப்பிடி இல்லாத நாற்காலிய செவுத்துல ஒட்டி போட்டு, கைய நெஞ்சுல கட்டிக்கிட்டு 30 செகண்ட்ல எத்தன தடவ முழுசா எந்திரிச்சு உக்கார முடியுதுன்னு எண்ணுங்க. பக்கத்துல ஒருத்தர் நிக்கணும். பெண்களுக்கு 60–64 வயசுல 12-க்கு கீழ, 65–69-ல 11-க்கு கீழ, 70–79-ல 10-க்கு கீழ வந்தா கால்ல பலம் கம்மின்னு அர்த்தம். கை ஊனினா கணக்குல வராது. அப்படியே 4 மீட்டர் சாதாரணமா நடக்க சொல்லுங்க, 5 செகண்டுக்கு மேல ஆனா அதையும் குறிச்சுக்கோங்க.

இப்ப பேப்பர பாருங்க. சும்மா இருக்கும்போதே ஒரு வருஷத்துக்குள்ள 5 சதவீதம் கொறஞ்சிருந்தா, அதாவது 60 கிலோவுக்கு 3 கிலோ, சந்தோஷப்படாம டாக்டர்கிட்ட போங்க. வருஷக்கணக்கா அதிக வெயிட்னா கொறைக்கலாம், ஆனா பட்டினி கெடந்து வேணாம். மெனோபாஸ் தாண்டினவங்கள வச்சு பாத்த ஒரு ஆய்வுல 1 கிலோ கொழுப்பு கொறையும்போது கூடவே 260 கிராம் சதையும் போயிருக்கு, திரும்ப 1 கிலோ கொழுப்பு ஏறும்போது 120 கிராம் சதைதான் திரும்பி வந்திருக்கு. நாலு தடவ டயட் இருந்து நாலு தடவ விட்டவங்க நெலமைய யோசிச்சு பாருங்க!

சாப்பாட்ட கொறைக்கிறதா இருந்தா கண்டிப்பா எக்சர்சைஸும் சேரணும். வாரத்துக்கு 150 நிமிஷம் நடை, 2 நாள் பலத்துக்கான பயிற்சி, 65 தாண்டினவங்களுக்கு 3 நாள் பேலன்ஸ் பயிற்சி. புரோட்டீன் ஒரு கிலோ உடல் எடைக்கு 1-ல இருந்து 1.2 கிராம், மூணு வேளைக்கும் பிரிச்சு. கிட்னி பிரச்சனை இருந்தா டாக்டர கேக்காம இத ஏத்தாதீங்க.

அம்மாவுக்கு 66 வயசு, மொத நாள் 7 தான் வந்துச்சு. டாக்டர பாத்துட்டு வந்தப்புறம் தினமும் அந்த நாற்காலியே எக்சர்சைஸ். போன வாரம் 9 வந்துச்சு, ஆனா கடைசி தடவ கை லேசா தொடையில பட்டுச்சுன்னு நான் 8-னு எழுதிட்டேன், ரெண்டு நாள் என்கூட பேசல.